பாரிஸுக்கு நன்னியோடு: என் எக்செல் ஷீட்டைத் தூக்கிப் போட்ட கதை

 

இந்த எபிசோடு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்த எபிசோடு. "ப்ரோ, பாரிஸ் அஞ்சு நாள் பிளான் சொல்லுங்க"ன்னு மாசத்துக்கு நாலு மெசேஜாவது வரும். காரணம் நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் பாரிஸ் போயிட்டு வந்து, ஒரு எக்செல் ஷீட்டை எல்லாருக்கும் ஷேர் பண்ணினேன். காலை எட்டு மணிக்கு லூவ்ர், பதினொன்றரைக்கு நோத்ர தாம் வாசல், ஒரு மணிக்கு சாப்பாடு, இப்படி அரை மணி நேரத்துக்கு ஒரு வரி. கலர் கோடிங் வேற.

அந்த லிங்க் இப்போ வேலை செய்யாது. நான்தான் எடுத்துட்டேன். அடுத்த மாசம் மறுபடியும் பாரிஸ் போறேன். இந்த முறை கூட வர்றது எங்க நன்னி. எங்க பக்கம் அம்மாவோட அம்மாவை நன்னின்னு கூப்பிடுவோம். வயசு 78. முழங்கால் வலி. இதுவரைக்கும் ஃப்ளைட் ஏறினதே கிடையாது. அந்த ஷீட்டைத் திறந்து அவங்களை மனசுல வெச்சுட்டு ஒவ்வொரு வரியாப் பார்த்தேன். ஒரு வரிகூட மிஞ்சலை.

முதல்ல ஏன் போறோம்னு சொல்லிடறேன், இல்லைன்னா மத்தது புரியாது.

எங்க ஊர் கோட்டக்குப்பம். சென்னையிலிருந்து ஈசிஆர்ல வந்தீங்கன்னா மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, புதுச்சேரிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வர்ற ஊர். அதைத் தாண்டினா முத்தியால்பேட்டை. இன்னைக்கு ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசமே தெரியாது. ஆனா ஒரு காலத்துல அது எல்லை. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியா, அந்தப் பக்கம் பிரெஞ்சு இந்தியா. நன்னி பிறந்தது அந்தப் பக்கம், 1947ல. கல்யாணமாகி வந்தது இந்தப் பக்கம்.

1954 நவம்பர் 1 அன்னைக்கு புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. ஆனா சட்டப்படி கைமாறினது 1962 ஆகஸ்ட் 16. 1956ல கையெழுத்தான ஒப்பந்தம் அன்னைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. அதுல ஒரு பிரிவு இருந்தது. அங்கே பிறந்து அங்கேயே வசிச்ச பிரெஞ்சுக் குடிமக்கள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். எழுதிக் கொடுக்கலைன்னா இந்தியக் குடிமகன். பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைங்களுக்கு அப்பா எடுக்கிற முடிவுதான் முடிவு.

நன்னியோட அத்தா எழுதிக் கொடுக்கலை. நன்னிக்கு அப்போ 15 வயசு. அவங்க அண்ணனுக்கு 20. அவர் தானாப் போய் எழுதிக் கொடுத்துட்டார். ஒரே வீட்டுல, ஒரே பாயில உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணன் தங்கச்சி, ஆறு மாசத்துல ரெண்டு நாட்டுக்காரங்க. அவர் பிரெஞ்சு ராணுவத்துல சேர்ந்து 'சொல்தா' ஆனார். சொல்தான்னா சிப்பாய், பிரெஞ்சு வார்த்தைதான், புதுச்சேரி பக்கம் இன்னும் அப்படித்தான் சொல்லுவாங்க. ரிட்டயர் ஆகி பாரிஸுக்கு வடக்கே புறநகர்ல ஒரு அடுக்குமாடி வீட்டுல இருக்கார். எங்களுக்கு அவர் பெரிய நன்னா.

முன்னாடியெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஜூலை, ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்கு வருவார். எங்க தெருவுல இப்படிப் பூட்டியே கிடந்து, லீவுக்கு மட்டும் ஜன்னல் திறக்கிற வீடுகள் நிறைய. இதய ஆபரேஷனுக்குப் பிறகு, இவ்வளவு தூரம் ஃப்ளைட் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். நன்னி அவரை நேர்ல பார்த்து பதினோரு வருஷம் ஆச்சு.

நான் ஆபீஸ் வேலையா போயிருந்தப்போ அவர் வீட்டுக்கு எத்தனை முறை போனேன் தெரியுமா? ஒரு முறை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூணு மணி நேரம். ஷீட்டுல அவ்வளவுதான் இடம் இருந்தது. கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் வந்து, "தங்கச்சியைக் கூட்டிட்டு வர மாட்டியாப்பா?"ன்னு கேட்டார். "கண்டிப்பா நன்னா"ன்னு சொல்லிட்டு வந்தேன். மூணு வருஷம் ஆயிடுச்சு.

சரி, இப்போ வேலைக்கு வருவோம். விசா.

முதல் தடவை விண்ணப்பிச்சது போன வருஷம். எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ் நேரம், நேரமே இல்லைன்னு ஒரு ஏஜென்ட் கிட்ட கொடுத்துட்டேன். அவர் எல்லாருக்கும் போடற மாதிரி 'சுற்றுலா'ன்னு போட்டு, பாரிஸ் நடுவுல ஒரு ஹோட்டல்ல பன்னெண்டு ராத்திரிக்கு புக்கிங் வெச்சுட்டார். விசா வந்ததும் ரத்து பண்ணிடலாம்ங்கிற கணக்குல. நான் அந்த ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கலை. 78 வயசு அம்மா, தனியா வருமானம் கிடையாது, இதுக்கு முன்னாடி எந்த நாட்டுக்கும் போனதில்லை, ஆனா பன்னெண்டு நாள் பாரிஸ் ஹோட்டல்ல தங்கப் போறாங்க. நீங்க அதிகாரியா இருந்தா நம்புவீங்களா? இதுல மையத்துல ஒருத்தர் சாதாரணமா "எங்கம்மா போறீங்க?"ன்னு கேட்டதுக்கு நன்னி சந்தோஷமா "எங்க அண்ணன் வீட்டுக்கு"ன்னு சொல்லியிருக்காங்க.

நிராகரிச்சுட்டாங்க. ஷெங்கன் நிராகரிப்புக்கு ஒரு படிவம் இருக்கு. அச்சடிச்ச காரணங்கள் வரிசையா இருக்கும், நமக்குப் பொருந்துறதுல ஒரு டிக். எங்களுக்கு விழுந்த டிக், பயண நோக்கமும் தங்கும் ஏற்பாடும் நம்பும்படியா இல்லைன்னு. நியாயமான டிக்தான். கட்டின பணம் திரும்ப வராது. 2024 ஜூன்லேர்ந்து ஷெங்கன் விசா கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, சர்வீஸ் சார்ஜ் தனி.

பணம்கூடப் பரவாயில்லை. நன்னி கேட்ட ஒரு கேள்விதான். "நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாங்களாப்பா?"

அதுக்கப்புறம்தான் நானே உட்கார்ந்து படிச்சேன். பிரான்ஸ்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கப் போற எல்லாரும் இதைக் கவனமாக் கேளுங்க, நம்ம கேட்பாளர்கள்ல பாதிப் பேருக்கு அங்க ஒரு மாமாவோ சித்தியோ இருக்காங்க. உறவினர் வீட்டுல தங்கறதுன்னா 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்'ன்னு ஒரு தாள் வேணும். வரவேற்புச் சான்றிதழ்னு வெச்சுக்கலாம். இதை நம்ம வாங்க முடியாது. வீட்டுக்காரர்தான், தான் குடியிருக்கிற ஊர் 'மேரி'க்கு நேர்ல போய் வாங்கணும். மேரின்னா நகராட்சி அலுவலகம். புதுச்சேரி பீச்ல 2014 மழையில இடிஞ்சு விழுந்து திரும்பக் கட்டினாங்களே, அதே மேரிதான்.

அவர் என்ன காட்டணும்னா, அடையாள அட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தமோ சொந்த வீட்டுப் பத்திரமோ, வருமானச் சான்று. வர்ற ஆளோட பேர், பாஸ்போர்ட் நம்பர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்னு எழுதணும். வரி ஸ்டாம்பும் வேணும். வந்த ஆளுக்குச் செலவுக்கு வழியில்லைன்னா நான் பார்த்துக்கறேன்னு கையெழுத்தும் போடணும். வீட்டுல உண்மையிலேயே இடம் இருக்கான்னு ஆள் அனுப்பிப் பார்க்கவும் அவங்களுக்கு உரிமை உண்டு. சில ஊர்ல அன்னைக்கே கொடுப்பாங்க, சில ஊர்ல வாரக்கணக்கு ஆகும். கையில வந்த ஒரிஜினலைக் கூரியர்ல இந்தியாவுக்கு அனுப்பணும். அதாவது உங்க பிளான்ல முதல் வேலை டிக்கெட் கிடையாது. இந்தத் தாள்தான். பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடிலேர்ந்து விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், குறைஞ்சது பதினஞ்சு நாள் முன்னாடியாவது கொடுத்திருக்கணும். லீவு சீசன்ல அந்தப் பதினஞ்சை நம்பாதீங்க. பெரியவங்கன்னா மூணு மாசம் இடைவெளி வெச்சுக்கோங்க.

பெரிய நன்னா பொண்ணு, "நான் பக்கத்து ஊர்லதான் இருக்கேன், என் பேர்ல போடறேன், நீங்க அலைய வேண்டாம்"னு சொன்னாங்க. அவர் கேட்கலை. "என் தங்கச்சி என் வீட்டுக்குத்தான் வர்றா." கைத்தடியோட பஸ் பிடிச்சு மேரிக்குப் போனார். பென்ஷன் தாள் ஒண்ணு குறையுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி போனார். வாங்கிட்டு வந்து வீடியோ கால்ல அந்தத் தாளை கேமராவுக்கு முன்னாடி பிடிச்சுக் காட்டினார். நன்னி கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அன்னைக்கும் இப்படித்தான் ஒரு பேப்பர் எழுதிக் கொடுக்கப் போனீங்க"ன்னாங்க. எனக்கு அந்த 1962 கதையை நன்னி வாயால கேட்டது அன்னைக்குத்தான்.

அடுத்து, ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சின்னு காட்டணும். இங்கதான் ஒரு ஆச்சரியம். பிரெஞ்சு நிர்வாகத்துல பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்துக்கும் பதிவு இருந்தது. ரெண்டு பேருக்கும் புதுச்சேரியில பிறப்புப் பதிவு, பிரெஞ்சு மொழியிலேயே, அப்பா பேர் அம்மா பேரோட கிடைச்சுது. அதே காலத்துல எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த எங்க தாத்தாவுக்கு, ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இருந்த தேதியைத் தவிர ஒண்ணும் கிடையாது. நடுவுல இருந்தது நடந்து போற தூரம்தான்.

ஆனா ஒரு சிக்கல். 'ஊ' சத்தத்துக்கு பிரெஞ்சுக்காரங்க ஓ, யூன்னு ரெண்டு எழுத்து போடுவாங்க. இங்கிலீஷ்ல ரெண்டு ஓ, இல்லைன்னா ஒத்தை யூ. அதனால பிறப்புப் பதிவுல நன்னி பேர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி. புதுச்சேரிக்காரங்க இப்போ தலையாட்டிட்டு இருப்பீங்க. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் வெச்சோம்.

மீதி எல்லாம் வழக்கமானது. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, இது கட்டாயம். பெரியவங்களுக்கு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு என்ன கவர் ஆகுதுன்னு அந்தச் சின்ன எழுத்தைப் படிங்க. வீட்டு வரி ரசீது, பாஸ்புக், அத்தா பேர்ல செலவுப் பொறுப்புக் கடிதம். பழைய நிராகரிப்பை மறைக்காதீங்க, அது அவங்க சிஸ்டத்துல இருக்கு. போன முறை என்ன தப்பா போச்சுன்னு ஒரு பக்கக் கடிதம் நானே எழுதினேன். புதுச்சேரியிலேயே விண்ணப்ப மையம் இருக்கறதால சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

விசா வந்துடுச்சு. [சிரிப்பு] ஆமா, சஸ்பென்ஸ் வெச்சு சொல்லியிருக்கலாம்.

வந்ததும் ஸ்டிக்கரை ஒழுங்காப் படிங்க. அதுல தேதி ரெண்டு இருக்கும், அது எந்த நாளிலிருந்து எந்த நாளுக்குள்ள அங்க இருக்கலாம்னு சொல்றது. தனியா நாள் எண்ணிக்கை ஒண்ணு இருக்கும், அதுதான் மொத்தம் எத்தனை நாள் தங்கலாம்னு சொல்றது. ரெண்டும் ஒண்ணு கிடையாது. தேதிகளுக்கு நடுவுல 45 நாள் இருக்கும், தங்கறதுக்கு 30தான் கொடுத்திருப்பாங்க. எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல ஷெங்கன்ல இருக்கக் கூடாதுங்கிற விதியும் அப்படித்தான், லீட்கோட்ல வர்ற ஸ்லைடிங் விண்டோ. காலண்டர் வருஷம் கிடையாது.

இப்போ ஊருக்கு வருவோம். பாரிஸ் பெரிய நகரம்னு நினைக்கிறோம். நகர எல்லைக்குள்ள மட்டும் பார்த்தா சுமார் 105 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. நாலுல ஒரு பங்குதான். நத்தை ஓடு மாதிரி சுத்திச் சுத்திப் போற இருபது வட்டாரம். அதனால தூரம் பிரச்சினையே இல்லை. படிக்கட்டுதான் பிரச்சினை. மெட்ரோ 1900ல ஆரம்பிச்சது. பழைய ஸ்டேஷன்கள்ல பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. ஒரு லைன்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாறணும்னா, ஏறி, இறங்கி, சுரங்கத்துல நடந்து, மறுபடி ஏறி. என் பழைய ஷீட்டுல ஒரு நாளைக்கு ஆறு முறை மெட்ரோ மாறியிருக்கேன். முழுசா லிஃப்ட் வசதியோட இருக்கிறது 14வது லைன்தான், அது 1998ல வந்தது.

அதனால நன்னிக்கு மெட்ரோ கட். பஸ்தான். தாழ்தளப் பஸ், ஜன்னல் சீட். 69ம் நம்பர் பஸ் ஒண்ணு இருக்கு, ஈஃபில் டவர் பக்கத்துலேர்ந்து கிளம்பி, லூவ்ர், பஸ்தீய் வழியா பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் வரைக்கும் போகும். ஒரே டிக்கெட்ல பாதிப் பாரிஸ். டூரிஸ்ட் பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

ஈஃபில் டவர் மேல ஏறப் போறதில்லை. எதிர்ல திரோக்கதேரோ மேடையிலேர்ந்து பார்த்தாப் போதும், அங்கேர்ந்துதான் டவர் முழுசாத் தெரியும், காசும் கிடையாது. இருட்டினப்புறம் மணிக்கு ஒரு முறை அஞ்சு நிமிஷம் மின்னும். இதுலயும் ஒரு கணக்கு இருக்கு. ஜூன்ல போனா சூரியன் மறையவே ராத்திரி பத்து மணி ஆகும். மஃரிப் தொழுதுட்டு தூங்கப் போற நன்னியை எத்தனை மணிக்கு வெளியே கூட்டிட்டுப் போறது? செப்டம்பர்ல எட்டு மணிக்கே இருட்டிடும், குளிரும் அதிகமா இருக்காது. செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தது அதுக்காகத்தான்.

நோத்ர தாம் 2019 ஏப்ரல்ல தீப்பிடிச்சு, 2024 டிசம்பர்ல மறுபடி திறந்தாங்க. உள்ளே போக இலவசம். எதிர்ல பெஞ்சுல உட்கார்ந்து பார்க்கலாம்னு இருக்கோம். அஞ்சாவது வட்டாரத்துல பெரிய பள்ளிவாசல், முதல் உலகப் போர்ல பிரான்ஸுக்காகச் செத்த முஸ்லிம் சிப்பாய்கள் நினைவா கட்டி, 1926ல திறந்தது. சேர்ந்தாப்ல ஒரு தேநீர்க் கடை, அத்தி மரத்தடியில புதினா டீ. அங்கே தங்கச்சியை உட்கார வைக்கணும்னு பெரிய நன்னாவே சொல்லியிருக்கார். லூவ்ர் இல்லை. 2026 ஜனவரியிலேர்ந்து ஐரோப்பாவுக்கு வெளியேர்ந்து வர்றவங்களுக்கு 32 யூரோ ஆக்கிட்டாங்க, செவ்வாய்க்கிழமை லீவு, நடக்கவே ஒரு நாள் ஆகும். மோனாலிசாவை நான் பார்த்தேன். உண்மையைச் சொன்னா, மத்தவங்க தூக்கிப் பிடிச்ச போனைத்தான் பார்த்தேன்.

லா ஷப்பெல் கண்டிப்பா உண்டு. 1983க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் உண்டாக்கின தெரு. முருங்கைக்காய், வாழையிலை, மட்டன் ரோல்ஸ், நகைக்கடை, தமிழ் போர்டு. நன்னி பஸ்ஸை விட்டு இறங்கி தமிழ்ல விலை பேசறதைப் பார்க்கணும், எனக்கு அதுதான் ஈஃபில் டவர்.

ஒரு நாளைக்கு ஒரு இடம், அவ்வளவுதான் விதி. மீதி நேரம் பெரிய நன்னா வீட்டு ஹால். ஏர்போர்ட்ல வீல்சேர் வேணும்னா டிக்கெட் போடும்போதே ஏர்லைன்ஸ்ல சொல்லிடுங்க, கடைசி பட்சம் 48 மணி நேரம் முன்னாடி. அதுக்குக் காசு கிடையாது. நன்னி "நான் என்ன நோயாளியா?"ன்னு கோபப்பட்டாங்க. டிரான்சிட்ல நடக்கிற தூரம் எங்க வீட்டுலேர்ந்து முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் இருக்கும்னேன். "அப்போ சரி."

இப்போ வீட்டுல நடக்கிற சண்டை பெட்டி பத்தி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் எடுத்துட்டுப் போகக் கூடாது. நெய், பால்கோவா, எதுவும். கறிவேப்பிலையும் கூடாது, செடி, இலை, பழம் எல்லாத்துக்கும் சான்று கேட்பாங்க. தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசி, துரியன், இந்த அஞ்சுக்கு மட்டும் விலக்கு. ஆனா மீனுக்கு அந்தத் தடை கிடையாது. சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் கொண்டு போகலாம். ஆக பால்கோவா சட்டவிரோதம், கருவாடு சட்டப்படி சரி. நான் விதியை மூணு முறை படிச்சுக் காட்டினப்புறம்தான் அம்மா நம்பினாங்க. நல்லா காஞ்சதா, ரெண்டு கவர் போட்டு சீல் பண்ணி எடுத்துட்டுப் போறோம். பக்கத்துல பெட்டி வைக்கிறவங்க எங்களை மன்னிக்கணும்.

பெரிய நன்னா கேட்டது ரெண்டே ரெண்டு. ஒண்ணு சுறாக் கருவாடு. இன்னொண்ணு மரக்காணம் கல் உப்பு. பிரான்ஸ்லயே கெராந்துன்னு ஒரு கடலோரம், அங்கே பாத்தி கட்டி எடுக்கிற உப்பு உலகப் பிரசித்தம், அவர் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். அதைச் சொன்னேன். "அது இனிக்குதுப்பா"ங்கறார்.

போன ஞாயித்துக்கிழமை பைக்ல மரக்காணம் போய் அஞ்சு கிலோ வாங்கிட்டு வந்தேன். ரெண்டு கிலோ போதும்னு நான் சொல்றேன், அஞ்சும் வேணும்னு நன்னி சொல்றாங்க. இதை ரெக்கார்ட் பண்ற இந்த நேரத்துல பக்கத்து ரூம்ல பெட்டியைத் தராசுல வெச்சு எடுக்கிற சத்தம் கேட்குதா? 23 கிலோவுக்கு மேல ஒரு கிலோ எண்ணூறு கிராம். என் ஜீன்ஸ் வெளியே வந்துடும்னு நினைக்கிறேன்.

போயிட்டு வந்து பேசறேன் மக்களே. டாட்டா.